விமானம் இறக்கிய இரு எழுத்தாளர்கள்

2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் சுஜாதா மறைந்தார். சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 19 அன்று, கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் மறைந்தார். தேதிகளின் நெருக்கம் தற்செயல்தான். ஆனால் இருவரின் வேலையையும் பொழுதுபோக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தற்செயல் என்று ஒதுக்க முடியாத உறவுகள் தட்டுப்படுகின்றன.

முதல் உறவு ஆகாயத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் கிளார்க் பார்த்த வேலை, ரேடார் உதவியால் விமானத்தைத் தரையிறக்கும் முறையைச் சேர்ந்தது. மூடுபனியில் ஓடுபாதை தெரியாமல் தவிக்கும் விமானிக்கு, தரையில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே இடம், வலம், உயரம் என்று சொல்லிச் சொல்லி இறக்குவார். சுஜாதாவும் எழுத்தாளராக அறியப்படுமுன் விமானப் போக்குவரத்துத் துறையில் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். இருவர் உரைநடையிலும் இந்தப் பயிற்சியின் தடம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். சுருக்கமாகச் சொல்வது, நேரத்தில் சொல்வது, கேட்பவர் வேறு பொருள் கொள்ள இடம் தராமல் சொல்வது: விமானிக்குத் தேவையான இவை மூன்றும் வாசகருக்கும் கிடைத்தன. கிளார்க் அந்த அனுபவத்தை ‘கிளைட் பாத்’ (1963) என்ற நாவலாகவே எழுதினார். அவர் எழுதியவற்றுள் அறிவியல் புனைவு அல்லாத ஒரே நாவல் அது.

பொறியியலுக்கு வந்தால் பாதை பிரிகிறது. கிளார்க் யோசனையை முன்வைத்தவர். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள் உலகம் முழுவதற்கும் செய்தி அஞ்சல் செய்யலாம் என்று 1945இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதிவிட்டு, அதைச் செய்துகாட்டும் பொறுப்பை மற்றவர்களுக்கு விட்டார். சுஜாதாவோ செய்துகாட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தை முன்னின்று கவனித்தவர் அவர். அந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதன் நிதானம். எவ்வளவு வேகமாகப் பொத்தானை அமுக்கினாலும் நிமிடத்துக்கு ஒரு சில வாக்குகளுக்கு மேல் பதிவாகாது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றி அவசரமாக முத்திரை குத்தித் தள்ளும் கும்பலுக்கு அந்த நிதானமே தடை. மனிதர் தவறு செய்யும் விதத்தை அறிந்தவர்களால்தான் இப்படி ஒன்றை வடிவமைக்க முடியும். கதைக்கும் அந்த அறிவுதான் மூலதனம்.

நாள் கழிந்த விதமும் வேறு. கிளார்க் எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவர். 1956இல் இலங்கையில் குடியேறியவர், கடைசி வரை அங்கேயே இருந்தார். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸ் வீட்டில் எழுத்து மேசை, மாலையில் கிளப்பில் டேபிள் டென்னிஸ். போலியோவின் பின்விளைவால் கால்கள் தளர்ந்த பிறகும், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று ஆடினார். சுஜாதாவுக்குப் பகல் அலுவலகத்துக்குச் சொந்தம். குமுதத்துக்கும் விகடனுக்கும் தொடர்கதைகள் மிச்ச நேரத்தில் பிறந்தன. அந்த அவசரம் சில இடங்களில் தெரியும்; ஆனால் அந்த வேகம்தான் சுஜாதா.

என்னை உண்மையில் வியக்கவைப்பது வேறொன்று. எதிர்காலத்தைத் தொழிலாக எழுதிய இருவருமே ஓய்வு நேரத்தைப் பழமைக்குக் கொடுத்தார்கள். கடலுக்கடியில் எடையற்று மிதப்பது விண்வெளியில் இருப்பதைப் போன்றது என்றுதான் கிளார்க் முக்குளிக்கத் தொடங்கினார். கிடைத்ததோ வரலாறு. 1956இல் அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில், போர்த்துக்கீசியர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களை நீருக்கடியில் கண்டார்கள். (அந்த வில்சன் பின்னாளில் துறவியாகி ‘சிவ கல்கி’ என்று பெயர் கொண்டார்.) 1961இல் தென்கரைக்கு அப்பால் கிரேட் பாஸஸ் பாறைத்தொடரில் வில்சன் ஒரு கப்பல் சிதைவைக் கண்டுபிடித்தார். பிறகு கிளார்க்கும் அங்கே முக்குளித்தார். ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள், 1702இல் அடித்தவை, ஆயிரம் ஆயிரமாக ஒட்டிக் கட்டிகளாகக் கிடந்தன. பை மக்கிப் போயிருந்தது. பையின் வடிவம் மட்டும் காசுகளில் நின்றிருந்தது.

சுஜாதா முக்குளித்தது பாசுரங்களில். கம்ப்யூட்டரையும் சிலிக்கன் சில்லையும் விளக்கிய அதே மனிதர் ஆழ்வார்களை விளக்கினார். புறநானூற்றையும் குறளையும் இன்றைய தமிழில் எளிமையாகத் தந்தார். கிளார்க்குக்குப் பழமை பிறந்த நாட்டுக்கு வெளியே, வந்து சேர்ந்த தீவில் கிடைத்தது. சுஜாதாவுக்கு அது ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த பையனாக ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. கிளார்க் தேடிப் போனார். சுஜாதா திரும்பி வந்தார்.

எட்டத்தில் இருப்பவரோடு பேசும் ஆசையும் இருவருக்கும் உண்டு. 1975இல் இந்தியாவின் செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரிசோதனையின்போது நம் பொறியாளர்கள் கிளார்க்கின் கொழும்பு வீட்டில் ஆண்டெனா நிறுவிக் கொடுத்தார்கள். 1945இல் அவர் எழுதியது அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ‘2010’ படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஹயாம்ஸுடன் கணினி வழியே அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து தனிப் புத்தகமாகவே வந்தது. சுஜாதா ‘ஏன் எதற்கு எப்படி’ என்ற கேள்வி-பதில் பகுதியில் யார் கேட்ட கேள்விக்கும் பதில் எழுதினார், பிற்காலத்தில் ‘அம்பலம்’ இணைய இதழை நடத்தினார்.

நாய்க்குட்டியைக்கூட விடவேண்டாம். கிளார்க் வீட்டில் பெப்ஸி என்ற சிவாவா இன நாய் இருந்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய், புத்தகம் படித்து எஜமானியைவிடத் தெளிவாக யோசிக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இரண்டாவதுதான் உயிருள்ள நாய்.

நம்பிக்கையில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். அங்கேயும் குறுக்கே ஓர் இழை ஓடுகிறது. தன் இறுதிச் சடங்கில் எந்த மதச் சம்பிரதாயமும் கூடாது என்று எழுதிவைத்தவர் கிளார்க். அவருடைய ‘பவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) நாவலில், தரையிலிருந்து விண்வெளிக்கு எழும் விண்ணேணி கட்டத் தேவையான மலை பௌத்தத் துறவிகளிடம் இருக்கிறது. பழைய ஐதீகத்தின்படி பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டிய பிறகுதான் அவர்கள் இறங்குகிறார்கள். பொறியாளர் அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. பாசுரங்களில் திளைத்த சுஜாதாவோ ‘கடவுள் இருக்கிறாரா’ என்று ஒரு புத்தகமே எழுதி, அந்தக் கேள்வியை இயற்பியலிடம் எடுத்துப்போனார்.