நரேன் கார்த்திகேயன்: கோவையிலிருந்து ஃபார்முலா ஒன் வரை

கிரிக்கெட் விளையாட ஒரு மட்டையும் பந்தும் போதும். கார் பந்தயம் அப்படியல்ல. திறமை எவ்வளவு இருந்தாலும் பின்னால் பெரிய பணம் நிற்க வேண்டும். நரேன் கார்த்திகேயனின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம்.

1977 ஜனவரி 14-ல் பிறந்தவர் நரேன். கோவைக்காரர். தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் ராலி பந்தயங்களில் தேசிய சாம்பியன். அதே கோவையில் கரிவரதன் என்பவர் மாருதி 800 இன்ஜினைப் பொருத்தி, குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். அந்தக் காரை ஓட்டிப் பழகியவர்களில் நரேனும் ஒருவர்.

1992-ல் பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் பயிற்சி பெற்றார். 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் பந்தயப் பட்டம் வென்ற முதல் இந்தியர் இவர்தான். 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டமும் கிடைத்தது. 2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனைக்காக ஓட்டியபோது, ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அடுத்து நேராகப் பந்தயத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. 2004-ம் ஆண்டுக்கு இத்தாலியின் மினார்டி அணி இடம் தர முன்வந்தது. சிறிய அணிகள் ஓட்டுநர் கொண்டுவரும் ஸ்பான்சர் பணத்தை நம்பித்தான் நடக்கின்றன. அந்தத் தொகையைத் திரட்ட முடியாததால் வாய்ப்பு கை நழுவியது. மறு வருடம் ஜோர்டான் அணியில் இடம் கிடைத்தது. 2005 மார்ச் 6, மெல்போர்ன். முதல் பந்தயத்தில் 15-வது இடம்.

அதே ஆண்டு ஜூன் 19-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு விசித்திரம் நடந்தது. பயிற்சியின்போது மிச்செலின் டயர்கள் பழுதானதால், அந்த டயரைப் பயன்படுத்திய 14 கார்களும் தொடக்கத்துக்கு முன்பே விலகிக்கொண்டன. ஓடியவை ஆறு கார்கள்தான். நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். "ஆறு பேரில் நான்காவது ஒரு சாதனையா?" என்று கேட்கலாம். ஆனால் கார் பந்தயத்தில் முடிக்கிறவருக்குத்தான் புள்ளி. ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற இந்தியர் இன்றுவரை இவர் ஒருவரே.

2006, 2007-ல் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். 2010-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2011-ல் எச்.ஆர்.டி. என்ற கடைசி வரிசை அணியில் மீண்டும் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று டெல்லி அருகே புத் சர்வதேசப் பந்தயத் தடத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸில், சொந்த மண்ணில் 17-வதாக முடித்தார். 2012 முடிவில் அந்த அணியே மூடப்பட்டது. 2013-க்குப் பிறகு இந்திய கிராண்ட் பிரிக்ஸும் நடக்கவில்லை.

நரேன் சோர்ந்துவிடவில்லை. ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா, சூப்பர் ஜிடி என்று தொடர்ந்து ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜி தடத்தில், சூப்பர் ஜிடி - டிடிஎம் கூட்டுப் பந்தயம் ஒன்றில் வெற்றியும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 42. பின்னர் பழைய இருசக்கர வாகனங்களை வாங்கி விற்கும் டிரைவ்எக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2022-ல் டிவிஎஸ் மோட்டார் அதில் முதலீடு செய்தது.

ஸ்பான்சர் தேடி அலைந்தவரின் நிறுவனத்தை முதலீடு தேடி வந்தது. அது பத்து, பதினைந்து வருடம் முன்பே வந்திருந்தால், அவருடைய புள்ளிக் கணக்கு ஐந்தோடு நின்றிருக்குமா?