முகத்தாடைக் குறைபாடுள்ள குழந்தைகளின் மூச்சுப்பாதை

மயக்கம் கொடுத்ததும் தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரியும். மருத்துவர் தாடையைத் தூக்கிப் பிடித்து, லாரிங்கோஸ்கோப்பால் குரல்வளையைப் பார்த்து, மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்துவார். கீழ்த்தாடை சிறுத்த, வாய் திறக்காத, முகத்தின் ஒரு பக்கம் வளராத குழந்தையிடம் இதில் எந்தக் கட்டத்திலும் தடை வரலாம். மயக்கவியலில் இதைக் கடின மூச்சுப்பாதை என்பர். எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தை பெரியவரைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. நுரையீரலில் இருப்போ குறைவு. தடுமாறி நிற்க நேரமில்லை.

பிறவிக் குறைபாடுகளில் இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடும். லண்டன் கண் மருத்துவர் டிரீச்சர் காலின்ஸ் 1900-இல் ஒன்றை விவரித்தார். பாரிஸைச் சேர்ந்த பியர் ராபின் 1923-இல் சிறுதாடையும் பின்சரியும் நாக்கும் சேர்ந்த மற்றொன்றை எழுதினார். ராபின் குறைபாடுள்ள குழந்தையைக் குப்புறக் கிடத்துவது இன்றும் முதல் உதவி. அதற்குத் தாடை வளர வளரக் குழாய் விடுவது எளிதாகும்; டிரீச்சர் காலின்ஸில் வயது ஏற ஏறக் கடினமாகும். கைக்குழந்தையாக இருந்தபோது சிரமமில்லை என்ற பழைய குறிப்பை நம்பி, அதே பிள்ளையிடம் ஐந்து வயதில் அலட்சியமாக இறங்கக் கூடாது.

இந்திய மருத்துவமனைகள் நெடுங்காலமாக மல்லுக்கட்டுவது தாடை மூட்டு இறுக்கத்தோடு. குழந்தை மோவாய் அடிபட விழுகிறது. மோவாயில் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். காதுக்கு முன்னால் மூட்டெலும்பு முறிந்தது யார் கண்ணிலும் படுவதில்லை. அங்கே எலும்பு கூடி, கடைசியில் பற்களுக்கு இடையே விரல்கூட நுழையாது. காதில் வந்த சீழ் மூட்டுக்குப் பரவியும் இது நேரும். மூட்டு இறுகினால் தாடையின் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. இரவில் குறட்டையும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொள்ளும்.

வாய்வழியே குழாய் செலுத்தி முதலில் மயக்கம் கொடுத்தவர் கிளாஸ்கோவின் வில்லியம் மெக்கெவன். ஆண்டு 1878, கருவி அவருடைய விரல்கள். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப்பில் அறுவை நடந்தபோது, ஐவன் மேகிலும் ஸ்டான்லி ரோபாதமும் மூக்குவழிக் குழாய்களைப் பயன்படுத்தினர். அதிலிருந்து வளர்ந்ததுதான் பார்க்காமலே மூக்குவழி குழாய் விடும் முறை. நோயாளி தானாக மூச்சுவிட்டபடி இருக்க வேண்டும். மருத்துவர் குழாயின் வெளிமுனையில் காதை வைத்து, மூச்சொலி பலத்தால் முன்னேறுவார், மங்கினால் பின்வாங்கித் தலையைச் சற்றுத் திருப்புவார். வாயே திறக்காத குழந்தைக்கு, கழுத்தில் துளையிடாமல் தப்பிக்க நம் ஊரில் பல காலம் கைகொடுத்தது இந்தக் காதுதான்.

1963-இல் நைஜீரியாவில் பணியாற்றிய வாட்டர்ஸ், முகம் அழுகிச் சிதைந்த நோயாளிகளுக்குக் கழுத்தின் முன்பக்கம் ஊசி குத்தி, மெல்லிய நூல்குழலை மேலே அனுப்பி, அதன்மேல் குழாயை இறக்கினார். 1967-இல் லண்டனில் பீட்டர் மர்ஃபி, பித்தநாளம் பார்க்கும் வளையும் கருவியைக் கடன் வாங்கி மூக்குவழியே மூச்சுக்குழலை எட்டினார். அந்த நோயாளிக்கு மூட்டுவாதம்தான் இடைஞ்சல். ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் உருவாக்கிய குரல்வளை மாஸ்க், குழாய் ஏறாதபோது ஆக்சிஜனாவது போக வழி செய்தது. வாய் திறக்குமானால் ராபின் குழந்தைக்கு இது பெரிய வரம்.

மும்பை டிராம்பேயின் பங்கு வேறு வகை. ரப்பர் குழாய்களைக் கழுவிக் கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்திய காலம் போய், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் வந்தபோது அவற்றைக் கொதிநீரில் போட முடியவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1974-இல் அங்கே தொடங்கிய ஐசோமெட் ஆலை, கோபால்ட்-60 கதிர்வீச்சால் மருத்துவப் பொருட்களை உறை பிரிக்காமலே கிருமிநீக்கம் செய்தது.

வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்துக் கணிக்கும் முறை, ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மல்லம்பட்டியின் பெயரால் 1985 முதல் உலகெங்கும் வழங்குகிறது. அழும் இரண்டு வயதுக் குழந்தையிடம் அது பலிக்காது. அமெரிக்காவில் 1018 கடினக் குழாயேற்றங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில் ஐந்தில் ஒன்றில் சிக்கல் நேர்ந்திருந்தது. இரண்டு முயற்சிகளைத் தாண்டியபோது ஆபத்து கூடியது. அதே ஆண்டு அகில இந்தியக் கடின மூச்சுப்பாதைச் சங்கம் குழந்தைகளுக்கென வெளியிட்ட நெறிமுறையும் முயற்சிகளுக்கு வரம்பு கட்டியது. முயலும் நேரம் முழுக்க மூக்கு வழியே ஆக்சிஜன் ஓட வேண்டும் என்றது. கருவியைவிட இந்தக் கட்டுப்பாடே பெரிய முன்னேற்றம் என்று சொல்லத் தோன்றுகிறது. இப்போது பரவலாகிவிட்ட வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் அலகு நுழையவும் வாய் திறக்க வேண்டும். தாடை இறுகிய பிள்ளைக்கு வளையும் ஃபைபர் கருவியே முதல் தேர்வு. அது இல்லாத இடத்தில் மேகில் காலத்து முறையோ, கழுத்தில் துளையிடும் டிராக்கியாஸ்டமியோ.