பயிற்சியாளரின் நாற்காலி

1999 ஜூலை 10. கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர் கூடியிருந்தார்கள். உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் சீனாவுக்கு எதிரான கடைசிப் பெனால்டியை வலைக்குள் அடித்த பிராண்டி சாஸ்டெய்ன், சட்டையைக் கழற்றி முழங்காலிட்டு நின்ற படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பெண் விளையாட்டின் வரலாற்றைச் சொல்லும் எந்த நூலும் அந்தப் படத்தைத் தவிர்ப்பதில்லை. ஆனால் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஓர் ஆண். டோனி டிசிக்கோ நல்ல பயிற்சியாளர்தான். என் கேள்வி அவரைப் பற்றியதல்ல. பெண்கள் ஆடும் ஆட்டத்தில், ஆட்டத்தைத் தீர்மானிக்கும் இடம் ஏன் இத்தனை காலம் பெண்களிடம் இல்லை?

விடை 1972இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட 'டைட்டில் நைன்' சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது. கல்லூரிகள் பெண்களுக்கும் அணிகள் அமைக்க வேண்டியதாயிற்று. உதவித்தொகையும் மைதானமும் கிடைத்தன. இது பெரும் வெற்றி. ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயே ஓர் இழப்பும் இருந்தது. சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். 2014இல் அது ஏறத்தாழ 43 சதவீதம். அதுவரை பெண்கள் விளையாட்டைச் சொற்பப் பணத்தில், பல நேரம் சம்பளமே இல்லாமல் நடத்தியவர்கள் உடற்கல்வி ஆசிரியைகள். பணமும் மதிப்பும் வந்ததும் அது ஆண்கள் விண்ணப்பிக்கும் வேலையாகிவிட்டது. தனித்தனியாக இருந்த ஆண், பெண் விளையாட்டுத் துறைகள் இணைக்கப்பட்டபோது இயக்குநர் நாற்காலியில் பெரும்பாலும் ஆணே அமர்ந்தார். யாரை வேலைக்கு எடுப்பது என்பதை அந்த நாற்காலிதான் முடிவு செய்தது. கூலியில்லாதவரை பெண்ணின் கடமை, கூலி வந்தபின் ஆணின் தொழில். சமையலிலும் தையலிலும் நாம் பார்த்ததுதான் இது.

இந்தச் சூழலில் ஒரு பெண் எப்படிப் பயிற்சியாளராகிறார்? ஜில் எல்லிஸின் பாதையைப் பார்ப்போம்.

அவர் 1966இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை கால்பந்துப் பயிற்சியாளர். ஆனால் பெண்கள் தன் மைதானங்களில் ஆடக்கூடாது என்று 1921இல் தடை விதித்து, அரை நூற்றாண்டு அதைக் காத்த கால்பந்துச் சங்கத்தின் நாடு அது. தடை நீங்கிய பிறகும் சிறுமிகளுக்கு அணிகள் அரிதாகவே இருந்தன. 1981இல் குடும்பம் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் ஜில்லுக்கு முறையான அணி கிடைத்தது. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஆடினார்; படித்தது ஆங்கில இலக்கியம். நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். பிறகு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தொழில்நுட்ப எழுத்தாளரானார். நிலையான வேலை, நல்ல சம்பளம்.

அப்போதுதான் ஏப்ரல் ஹெய்ன்ரிக்ஸ் அழைத்தார். 1991இல் முதல் பெண்கள் உலகக்கோப்பையை வென்ற அணியின் தலைவி அவர். அந்தக் கோப்பையை வென்ற ஆண்டிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். அங்கே உதவிப் பயிற்சியாளராக வரும்படி அழைத்தார். சம்பளமோ மிகச் சொற்பம். இலக்கியம் படித்த பெண் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போவதை எந்த வீடு உடனே ஏற்கும்? ஜில் போனார். 1994இல் மேரிலாந்து, பிறகு ஹெய்ன்ரிக்ஸுடன் வர்ஜீனியா பல்கலைக்கழகம், 1997இல் இல்லினாய் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய பெண்கள் அணியின் முதல் தலைமைப் பயிற்சியாளர், 1999இல் யு.சி.எல்.ஏ. அங்கே 12 பருவங்கள். தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் 8 முறை கொண்டுவந்தார். மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றார். ஒருமுறைகூடக் கோப்பை இல்லை.

கோப்பை மட்டுமே அளவுகோல் என்றால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். 2011இல் தேசியக் கூட்டமைப்பு, பெண்கள் கால்பந்தின் தொழில்நுட்ப இயக்குநராக ஹெய்ன்ரிக்ஸையும், வளர்ச்சி இயக்குநராக ஜில்லையும் நியமித்தது. பழைய இருவர் மீண்டும் ஒரே பணியில். 2014இல் ஜில் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2015இல் வான்கூவரில் ஜப்பானை 5-2 என்றும், 2019இல் லியோனில் நெதர்லாந்தை 2-0 என்றும் வென்றது அவரது அணி. பெண்கள் உலகக்கோப்பையை இருமுறை வென்ற முதல் பயிற்சியாளர் அவர்தான்.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போது இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கல்லூரிப் பெண்கள் கால்பந்தின் உயர்மட்டத் தேசியப் போட்டி 1982 முதல் 2022 வரை 41 முறை நடந்திருக்கிறது. பெண் தலைமைப் பயிற்சியாளரின் கீழ் வென்ற அணிகள் நான்கே: 1998இல் பெக்கி பர்லியின் ஃப்ளோரிடா, 2013இல் அமாண்டா குரோம்வெல்லின் யு.சி.எல்.ஏ., 2015இல் எரிகா டம்பாக்கின் பென் ஸ்டேட், 2022இல் மார்கரீட் அவோசாஸாவின் யு.சி.எல்.ஏ. பெண்களுக்குத் திறமை குறைவு என்று இதற்குப் பொருளல்ல. வலுவான அணிகள் யார் கையில் ஒப்படைக்கப்பட்டன என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது.

ஜில் எல்லிஸை விடாமுயற்சியின் கதையாக மட்டும் சொல்வது எளிது. அப்படிச் சொன்னால், வராமல் போனவர்களுக்கு முயற்சி போதவில்லை என்றாகிவிடும். அவரைவிடக் குறைவாக உழைக்காத எத்தனையோ பெண்களை அழைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சட்டம் மைதானத்தின் கதவைத் திறந்தது. நாற்காலி வரை போக, முன்னே போன ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

பெண்கள் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் எனக்கு இந்தக் கதை ஒரு பொறுப்பையும் தருகிறது. நமக்குக் கிடைத்த இடத்தில் அமர்ந்த பிறகு நாம் யாரை அழைத்தோம்?