தேயிலைக்குள் இருட்டு

தோழர்களே, கதைகளில் ஏன் இத்தனை இருட்டு என்று கேட்கிறார்கள். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் (1935) இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். மருத்துவர் பி.எச்.டேனியல் 'ரெட் டீ' நாவலில் (1969) ஆனைமலையை எழுதினார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. தோட்டத்துக் கணக்கேடு கொழுந்தின் எடையைச் சொல்லும். பறித்தவளின் காய்ச்சலைச் சொல்லாது. அதைச் சொல்லவே கதை வந்தது.

வெள்ளைத் துரையை மட்டும் கெட்டவனாக்குவது எளிது. ஆனால் முன்பணம் நீட்டி ஆள் பிடித்தவன் தமிழன். அங்கே கங்காணி, இங்கே மேஸ்திரி. அவனை எழுதினால்தான் சாதியும் கடனும் சேர்ந்து நம்மை மலையேற்றியது புரியும். தொழிலாளியையும் குறையே இல்லாதவராக எழுதினால் பரிதாபம் மிஞ்சும், மனிதர் மறைந்துபோவார்.

1964 ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் கொழுந்து பறித்தார்கள். மாணவர்களே, அவர்களைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள்.