பறங்கிமலைக் கல்லும் சிவன்மலைக் கல்லும்

பறங்கிமலை என்றதும் நம் நினைவில் எழுவன திருத்தூதர் தோமையாரின் பெயரும், அர்மீனிய வணிகர் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் அமைத்துத் தந்த படிகளும், உச்சியில் விளங்கும் ஆலயமுமே. அப்படிகளைத் தாங்கி நிற்கும் கருநீலப் பாறையை நாம் கருங்கல் என்று மட்டும் அறிவோம். ஆயினும், உலகெங்கும் நிலவியல் பயிலும் மாணவர்கள் அறிந்த பாறை அது. அதற்கு வழங்கும் பெயரோ கல்கத்தாவில் உள்ள ஒரு கல்லறையிலிருந்து வந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பைக் கல்கத்தாவில் 1690இல் நிறுவியவர் ஜாப் சார்னாக். சில ஆண்டுகளில் அவர் இறந்தபின், அவருடைய கல்லறைமீது கரிய கற்பலகை ஒன்று பதிக்கப்பட்டது. தூய யோவான் ஆலய வளாகத்தில் அது இன்றும் உள்ளது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அதனை எழுத்துக்காகவே மக்கள் பார்த்தனர். கல்லுக்காகப் பார்த்தவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட்.

1868இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்த ஹாலண்ட், 1890இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் பறங்கிமலையிலும் காணப்படும் பாறையும், சார்னாக்கின் கல்லறைப் பலகையும் ஒரே இனம் என்பதை அவர் கண்டறிந்தார். தாம் அறியாமலே இப்பாறையைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தவர் என்ற முறையில், 1893இல் அதற்குச் சார்னாக்கைட்டு என்று பெயரிட்டார். தமிழ் மண்ணின் கல், வங்கத்தில் துயில்பவரின் பெயரைப் பெற்ற விதம் இதுவே.

அந்தக் கல்லில் அப்படி என்ன புதுமை? கிரானைட்டில் உள்ளவாறே வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இதிலும் உள்ளன. ஆனால் வழக்கமான கிரானைட்டில் காணப்படும் அபிரகத்தின் இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் அமைந்துள்ளது. அபிரகம் உருவாக நீர் வேண்டும். ஹைப்பர்ஸ்தீனுக்கு நீர் வேண்டியதில்லை. ஆகவே இக்கல், பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில், நீர் அருகிய சூழலில் தோன்றியதாதல் வேண்டும். புதிதாக உடைத்த கல்லில் எண்ணெய் பூசியதுபோல் ஒரு மினுமினுப்பும் பசுமை கலந்த நிறமும் தோன்றும்.

நீலகிரி, சேர்வராயன் மலைகளையும் ஆராய்ந்த ஹாலண்ட் 1900இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். இப்பாறைகள் பிற பாறைகளுக்குள் கிளைவிட்டு ஊடுருவியிருப்பதைக் கண்டு, இவை உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியவை என்று முடிவு செய்தார். வெளிறிய கல் முதல் மிகக் கரிய கல் வரை அனைத்தும் ஒரே குழம்பின் மக்கள் என்பது அவரது கருத்து.

அடுத்த ஆண்டிலேயே, 1901இல், காங்கேயத்தை அடுத்த சிவன்மலையைப் பற்றிய அவரது ஆய்வு வெளிவந்தது. முருகன் கோயில் விளங்கும் அம்மலையின் கல் முற்றிலும் வேறானது. அதனைத் தந்த பாறைக்குழம்பில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. அவற்றுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குச் சிலிக்கா இல்லை. எனவே குவார்ட்ஸ் உருவாகாமல், நெஃபலின் என்னும் கனிமம் உருவாயிற்று. அலுமினா மிஞ்சிய இடங்களில் குருந்தம் விளைந்தது. கொரண்டம் என்று உலகம் வழங்கும் பெயர் நம் குருந்தத்திலிருந்து பிறந்ததே. இத்தகைய காரக் குழம்புகள், பூமியின் மேலோட்டுக்கும் கீழே, பாறை சிறிதளவே உருகும்போது தோன்றுகின்றன என்பது இன்றைய விளக்கம். பறங்கிமலைக் கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சிவன்மலைக் கல்லின் வயது ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகள்.

ஹாலண்டின் முடிவை அறிவுலகம் முழுமையாக ஏற்கவில்லை. பல்லாவரப் பகுதியை மீண்டும் ஆராய்ந்த ஏ. பி. சுப்பிரமணியம், வெளிறிய கல்லும் கரிய கல்லும் ஒரே குடும்பத்தவை அல்ல என்று 1959இல் எழுதினார். 1960இல் சி. எஸ். பிச்சமுத்து இன்னும் வியப்பான சான்றொன்றை வெளியிட்டார். கர்நாடகத்தின் கப்பல்துர்க்கத்தில், சாம்பல்நிறப் பாறை ஒன்று உருகாமலே, ஆங்காங்கே திட்டுத்திட்டாகச் சார்னாக்கைட்டாக மாறியிருப்பதை அவர் காட்டினார். ஆழத்திலிருந்து எழுந்த கரியமில வாயு நீரை விலக்கியதால் இம்மாற்றம் நேர்ந்தது என்று பின்வந்தோர் பலர் விளக்கினர். இன்று, சில சார்னாக்கைட்டுகள் குழம்பிலிருந்து பிறந்தவை என்றும், சில உருமாற்றத்தால் விளைந்தவை என்றும் கொள்கின்றனர். விவாதம் ஓயவில்லை.

அவ்வாறாயின் ஹாலண்டின் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. அவரை மறுத்தவர்களும் அவர் வைத்த பெயரையே ஆண்டனர். அவர் வரைந்த வருணனையிலிருந்தே தொடங்கினர். கண்டதை உள்ளபடி உரைத்தவரின் சொல், அவர் கொண்ட கருத்து மாறிய பின்னும் நிலைத்து நிற்கிறது. உண்மையைத் தேடுவோர் அனைவருக்கும் இது ஆறுதல் தரும் செய்தி என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் கண்டதைச் சரிபார்க்கக் கல் இருந்தாக வேண்டும். சுப்பிரமணியம் மீண்டும் வந்து பார்க்கப் பாறை அங்கே இருந்தது. பல்லாவரம், திரிசூலம் பகுதிக் குன்றுகளோ பல பத்தாண்டுகளாக வெடிவைத்து உடைக்கப்பட்டு, சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லியாகிப் போயின. பறங்கிமலைச் சார்னாக்கைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக அறிவித்திருக்கிறது. 250 கோடி ஆண்டுகளாக நிலைத்த ஒரு சாட்சியை ஒரு தலைமுறைக்குள் கரைத்துவிடும் வல்லமை நமக்கு வாய்த்திருக்கிறது. ஆகவே, நம் ஊர்க் குன்றையும் வெறும் கல் என்று தள்ளிவிடாமல் காப்பது நம் கடமை. அதைக் கேள்வி கேட்க வேண்டியவர் இனிமேல்தான் பிறக்கவும் கூடும்.