கேமரா பிடித்த கையும் கத்தரி பிடித்த கையும்

1

தொழில்நுட்பம் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்று நம்மில் பலர் மேடைதோறும் பேசிக்கொண்டிருக்கிறோம். நானும் பேசியவன்தான். 2023இல் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பதினோரு மாணவ மாணவியரோடு சேர்ந்து நாலு நிமிஷப் பாட்டுப்படம் ஒன்றை எடுத்து முடித்த பிறகு, அப்படிப் பேச வாய் வரவில்லை. கருவி கைக்கு வருவது வேறு, அதிகாரம் கைக்கு வருவது வேறு. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் தூரம் பெரும்பாலும் கருவிக்குள் இல்லை. அது வேலைப் பிரிவினைக்குள் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாட்டை எழுதியவர் ஒரு இரண்டாமாண்டு மாணவி. மெட்டும் அவருடையதே. அவர் ஊருக்குப் போகிற கடைசி டவுன் பஸ் மாலை 6.10க்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. டிக்கெட் காசு என்கிற தடை போயிற்று. ஆனால் ஆறு பத்து மட்டும் ஆறு பத்தாகவே இருந்தது. நூலகம், விளையாட்டு, நாடக ஒத்திகை, சும்மா உட்கார்ந்து பேசுவது என எல்லாவற்றையும் அந்த பஸ் வெட்டிக்கொண்டு போகிறது என்பதுதான் பாட்டின் சாரம். கல்லூரிகளில் வழக்கமாக எழுதப்படும் காதல், நட்பு, பிரிவு வகைப் பாட்டு இல்லை என்பதால் எனக்கு அது பிடித்துப்போயிற்று.

முதல் நாள் காலையில் பையைத் திறந்து ஜிம்பலை எடுத்தேன். எதிரே நின்ற பையன் கையில் கொடுத்தேன். "ஷீட் யார் போடுறீங்க?" என்று கேட்டபோது என் கண் அந்த மாணவி பக்கம் போனது. பெண் பிள்ளைக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ! கூகுள் ஷீட்டில் என்னய்யா கையெழுத்து? அரை நிமிஷத்தில், யோசிக்காமல், சினிமாவின் நூறு வருஷத்து வேலைப் பிரிவினையை நான் அங்கே மறுபடி நட்டுவிட்டேன்.

2

1919இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கப்பட்டபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கச்சா பிலிம் கிடைக்கவில்லை. அங்கே பட்டறை நடத்திய லெவ் குலெஷோவ், மாணவர்களை வைத்து 'பிலிம் இல்லாத படங்கள்' செய்தார். ஷாட் ஷாட்டாகப் பிரித்து, எதற்குப் பின்னால் எது என்று தீர்மானித்து, அதை அப்படியே மேடையில் நடித்துக் காட்டினார்கள். புதோவ்கின் அந்தப் பட்டறையில் பயின்றவர். ஆக, கேமராவுக்கு முந்தியே படம் காகிதத்தில் நடந்துவிடுகிறது. எதை எடுப்பது என்பதைப்போலவே எதை எடுக்க வேண்டாம் என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

எங்கள் நிலைமை இதற்கு நேர் எதிர். 35 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் ஏறக்குறைய நாலரை நிமிஷம் ஓடும். ஒரு பாட்டை ஒரே மூச்சில் ஒரு தடவை எடுத்தால் சுருள் காலி. செல்போனில் சாதாரண எச்.டி. தரத்தில் ஒரு நிமிஷத்துக்கு 130 எம்.பி. அளவுதான் ஆகும், பிடிக்கவில்லை என்றால் அழித்துக்கொள்ளலாம். ஆனாலும் அந்தப் போன்களில் இடம் இல்லை. தம்பியின் கொரோனா காலத்து ஆன்லைன் பாடங்கள், அக்கா கல்யாணப் படங்கள், ரேஷன் கார்டு, ஆதார் என்று குடும்பமே உள்ளே குடியிருந்தது. அது ஒருவரின் போன் இல்லை, வீட்டின் போன். எதை அழிப்பது என்பதே எங்களுக்கு முதல் எடிட்டிங்காக அமைந்தது.

இனி ஷீட். பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 100 அடி. ஒரு அடிக்கு 0.6 விநாடி. எட்டு அடி ஒரு சுற்று, அதாவது 4.8 விநாடி. நாலு நிமிஷப் பாட்டில் 50 சுற்று. ஷீட்டில் 50 வரிசை போட்டார் அந்த மாணவி. ஒவ்வொரு வரிசையிலும் நாலு கட்டம்: பாட்டு வரி, என்ன ஷாட், யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு. போன் விநாடிக்கு 30 சட்டகம் எடுக்கிறது என்பதால் ஒரு அடிக்குச் சரியாக 18 சட்டகம். எங்கே வெட்டினால் அடி விழும் என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கணக்கு இவ்வளவு எளிமையானது என்று கண்டதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

அந்த ஷீட்டை இன்று ஒரு வரலாற்று ஆவணம்போல எடுத்து வாசிக்கிறேன். மூன்றாம் நாலாம் கட்டங்களைச் சேர்த்துப் படித்தால் விஷயம் வெளியே வந்துவிடுகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் என்று குறித்த வரிசைகள் எதிலும் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அதை எழுதியவரே ஒரு பெண். தன்னை இல்லாமல் ஆக்கும் அட்டவணையைத் தானே நேர்த்தியாகப் போட்டுக் கொடுத்திருந்தார்.

3

பாட்டுப்படம் எடுப்பதென்றால் பாட்டு முதலில் வந்துவிடும், உடம்பு பிறகு வரும். இது இயற்கையான ஏற்பாடு இல்லை, வரலாற்றில் உண்டாக்கப்பட்டது. பேசும்படத்தின் ஆரம்ப வருஷங்களில் நடிகர் கேமரா முன்னால் நின்றே பாடினார். ஹார்மோனியக்காரரும் தபலாக்காரரும் சட்டகத்துக்கு வெளியே, மரத்துக்கும் தட்டிக்கும் பின்னால் மறைந்திருந்து வாசித்தார்கள். 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் நிதின் போஸ் இயக்கிய 'பாக்ய சக்ரா' பின்னணிப் பாடல் உத்தியை நிலைநிறுத்தியது. தமிழில் 1938இல் வந்த ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' இவ்வழியில் முதல் படமாகச் சொல்லப்படுகிறது. அன்று குரல் ஒருவருக்கும் உடம்பு இன்னொருவருக்கும் என்று பிரிந்தது. நமக்கு அது இன்று வினோதமாகவே தெரிவதில்லை. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்து, வெள்ளிக்கிழமை இரவுகளில் 'ஒலியும் ஒளியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியபோது, பாட்டைப் படத்திலிருந்து தனியே பிய்த்துப் பார்ப்பதும் பழகிவிட்டது. அமெரிக்காவில் எம்.டி.வி. 1981இல்தான் ஆரம்பித்தது. நம்ம ஆட்களுக்கு அந்தப் பழக்கம் அதற்கும் முந்தியது.

நாங்களும் அதே முறைதான். ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு வாயசைப்பு. ஆரம்பத்தில் கைதட்டல் ஒன்று, பிறகு ஒலியை ஒட்டிப் பொருத்திக்கொள்ள. மெதுவாக நகரும் காட்சி வேண்டுமென்றால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, விநாடிக்கு 60 சட்டகத்தில் எடுத்து, அதை 30இல் ஓட்டினோம். உதடு பாட்டோடு சேர்ந்துகொள்ளும், உடம்பு மட்டும் நீரில் மிதப்பதுபோல வரும். இந்த ரகசியம் தெரிந்ததும் எல்லோருக்கும் சினிமாக்காரர் ஆகிவிட்ட பெருமை. போனில் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் குறைந்தால் சட்டக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நீளமான ஷாட்டில் உதடு மெல்ல மெல்லப் பாட்டை விட்டு விலகும். இன்னொன்று, முகத்தை வெளுப்பாக்கும் 'பியூட்டி' மோடு. கேட்காமலேயே ஆன் ஆகியிருந்த ஒரு போனில் எல்லோரும் இரண்டு படி சிவந்துபோனார்கள். அதைத் தேடி அணைக்க அரைமணி நேரம் ஆயிற்று. கருவிக்கு நிறம் பற்றி ஒரு கொள்கை இருக்கிறது என்று வகுப்பெடுக்கத் தேவையில்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் மாலை. அஞ்சரை மணி வெயில் பொன்னாக விழுந்தது. கேமரா பிடித்த பையன், "சார், இந்த லைட்டு இன்னும் முக்கா மணி நேரந்தான்" என்று பறந்தான். அதே நேரத்தில் பெண்கள் பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "சார், ஆறு பத்த விட்டா அப்புறம் இல்ல, நாங்க கெளம்புறோம்." போய்விட்டார்கள். பையன்கள் பஸ் நிறுத்தத்துச் சுவரில் சாய்ந்து, படியில் தொங்கி, பொன் வெயிலில் அந்தப் பாட்டுக்கு வாயசைத்தார்கள். காட்சி அழகாகத்தான் இருந்தது. பஸ்ஸைத் தவறவிட முடியாத பெண்ணைப் பற்றிய பாட்டு, பஸ்ஸைப் பிடிக்க அந்தப் பெண்கள் போன பிறகு, அவர்கள் இல்லாமலேயே படமாகிக்கொண்டிருந்தது. நான் ரிப்ளெக்டர் பிடித்துக்கொண்டு நின்றேன்.

4

டிசிகா வெர்தோவின் 'கேமராவுடன் ஒரு மனிதன்' (1929) பற்றி நம் திரைப்படச் சங்கங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். கேமராவைத் தோளில் சுமந்து ஊரெல்லாம் அலையும் ஆள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறான். ஆனால் படத்தின் நடுவே ஓட்டம் நின்று, பிம்பங்கள் உறைந்து, ஒரு பெண் பிலிம் துண்டுகளை வகைபிரித்து, வெளிச்சத்தில் பார்த்து, வெட்டி ஒட்டுகிற காட்சி வருகிறது. அவர் எலிசவெத்தா ஸ்விலோவா. படத்தின் தொகுப்பாளர், வெர்தோவின் துணைவி. தலைப்பு கேமராக்காரனுக்குப் போயிற்று. படத்தைப் படமாக்கியது அந்த மேஜை.

மௌனப்பட காலத்து ஹாலிவுட்டிலும் வெட்டி ஒட்டும் வேலையில் ஏராளமான பெண்கள் இருந்தார்கள். தையல்போல நுணுக்கமான, பொறுமையான, கூலி குறைந்த வேலை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பேசும்படம் வந்து, ஒலிப்பொருத்தம் என்கிற 'டெக்னிக்கல்' கௌரவம் வந்து சேர்ந்தபின் ஆண்கள் அதிகமாக உள்ளே வந்தார்கள். ஒரு வேலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்தே அது கலையா, கைவேலையா என்று தீர்ப்பாகிறது.

இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1984இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பு தொடங்கிய 'வீடியோ சேவா'வில், எழுதப் படிக்கத் தெரியாத காய்கறி வியாபாரிப் பெண்கள்கூட வீடியோ எடுக்கக் கற்று, தங்கள் பிரச்சினைகளைத் தாங்களே பதிவு செய்தார்கள். வானொலி வெறுமே விநியோகிக்கும் குழாயாக இருக்கிறது, கேட்பவரும் பேசும் கருவியாக அது மாற வேண்டும் என்று 1932இல் பிரெக்ட் சொன்னதை, பிரெக்டைப் படிக்காமலேயே செய்து காட்டினார்கள்.

நம்ம ஊரில் எடிட்டிங்கைச் சனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எது? கல்யாண வீடியோதான், சந்தேகமில்லை. டவுனில் ஒரு சின்ன அறை, இரண்டு வி.சி.ஆர்., ஒரு மிக்ஸர். மாப்பிள்ளை பெண் தலைக்கு மேல் இதய வடிவம், சினிமாப் பாட்டு, ஒரே முகம் எட்டாகச் சுழல்வது. 'மிக்ஸிங்' என்ற சொல்லைத் தமிழ்க் கிராமங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். நாம் சிரித்தோம். ஆனால் எங்கள் பிள்ளைகளின் விரல்களில் ஓடிய ருசி அங்கிருந்து வந்ததே.

கல்லூரிக் கணினி அறைக்கு நாலு மணிக்குப் பூட்டு. ஆகவே தொகுப்பு, செல்போன் செயலியில், அந்த மாணவியின் வீட்டில் நடந்தது. நாலாம் நாள் காலை கொண்டுவந்து காட்டினார். 50 சுற்றில் கடைசிப் பத்தில் பொன் வெயிலைக் காணோம். அதற்குப் பதில் பஸ்ஸுக்குள்ளிருந்து, தோழி ஒருத்தியின் தோளுக்கு மேலாக, அவரே எடுத்த காட்சிகள். ஷீட்டில் இல்லாதவை. குலுங்கின. இருட்டு. யாரும் வாயசைக்கவில்லை. ஒருத்தி கம்பியைப் பிடித்தபடி நின்றே தூங்குகிறாள். ஜன்னலில் கல்லூரி விளக்குகள் பின்னால் போகின்றன.

சண்டை வந்தது. "ஷேக் ஆவுது, லிப் சிங்க் இல்ல, கிரெய்ன்ஸ் வேற. செம ஷாட்டெல்லாம் தூக்கிட்டியே!" என்றான் கேமரா பிடித்த பையன். அவர் சத்தம் போடவில்லை. "நீங்க எடுத்ததுல நாங்க இல்லையே" என்றார். பிறகு சேர்த்துக்கொண்டார்: "பாட்டு எங்களதுதான்."

பையன் சொன்னதும் முழுக்கப் பொய் இல்லை. தொழில்முறைத் தரம் என்கிற சொல்லாடல் அப்படித்தான் எங்களுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய செயலிகளில் அடிக்கு அடி தானே வெட்டிக்கொடுக்கும் வசதி இருக்கிறது. தெளிவான முகம், ஆடாத சட்டகம், நல்ல வெளிச்சம் இருந்தால்தான் அதற்குச் சந்தோஷம். தூங்கும் அந்தப் பெண்ணை அது முதலில் கழித்துக்கட்டும். 'நல்ல ஷாட்' பற்றிய தீர்ப்பு இப்போது மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. ஆகவே கத்தரியை யார் பிடிப்பது என்ற கேள்வி முன்னைவிட இன்று கூர்மையாகத்தான் ஆகியிருக்கிறது.

5

போராட்டக் களத்திலிருக்கும் தோழர்களுக்குப் பாட்டுப்படத்தின் வலிமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் சோஃபியா அஷ்ரஃபின் 'கொடைக்கானல் வோன்ட்' கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்துக்கு அது கூடுதல் குரலாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக யூனிலீவர் ஒப்பந்தத்துக்கு வந்தது. 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' வந்தது. இவையெல்லாம் நமக்கு உந்துதல் தருகின்றன. ஆனால் வெளியே யாரை எதிர்த்துப் பாடுகிறோம் என்று கேட்கும் நாம், படப்பிடிப்புக்குள்ளே யார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்பதில்லை. தோழர்களே, அந்தக் கேள்வியும் அரசியல்தான். நம் பட்டறைகள், திரையிடல்கள், ஆசிரியர் குழுக் கூட்டங்கள் எத்தனை மணிக்கு நடக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கடைசிப் பத்துச் சுற்று அவர் வெட்டியபடியே இருந்தது. பொன் வெயில் ஷாட்டுகளில் இரண்டு நடுவில் இடம்பெற்றன. அவரே தேர்ந்தெடுத்தார். முடிவில் பெயர்கள் அகர வரிசையில் வந்தன, யார் என்ன வேலை என்று போடவில்லை. அந்த மாணவி பாட்டு, மெட்டு, திட்டம், தொகுப்பு நான்கையும் செய்தவர். அகர வரிசை அவருக்கு அநியாயம் என்று எனக்குத் தோன்றியது. "பரவால்ல சார்" என்றார். பரவாயில்லை என்று நான் இன்னும் நினைக்கவில்லை.

கல்லூரி விழாவில் திரையிடல் மாலை ஆறரைக்கு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அதை முதலில் கவனித்தது நான் இல்லை, கேமரா பிடித்த அந்தப் பையன். யாரிடமும் சொல்லாமல் அலுவலகத்துக்குப் போய், இரண்டு தடவை திட்டு வாங்கி, மூன்று மணிக்கு மாற்றிவிட்டு வந்தான். மூன்று மணி வெயிலில், திரைச்சீலை சரியில்லாத அரங்கத்தில் படம் வெளிறித் தெரிந்தது. அவன் பொன் வெயில் சாம்பலாகிவிட்டது. பஸ்ஸுக்குள் எடுத்த இருட்டு பாதிக்கு மேல் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. ஆனால் ஆறு பத்து பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.