ஐந்து பத்தாம் எண் ஆட்டக்காரர்கள்: 1970 பிரேசில் கால்பந்து அணி

1970ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடைபெற்ற 9ஆவது உலகக்கோப்பை கால்பந்துப் போட்டியில் பிரேசில் அணி, தான் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் வென்று மூன்றாவது முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. பெலே, டோஸ்டாவோ, ஜெர்சன், ரிவெலினோ, ஜெயர்சின்ஹோ ஆகிய ஐவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடியது இவ்வெற்றியின் சிறப்பாகக் கூறப்படுகிறது. ஆனால் போட்டி தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்கூட, இந்த ஐவரையும் ஒன்றாகக் களமிறக்க முடியுமா என்பது பிரேசிலில் பெரும் விவாதமாக இருந்தது. ஐவரும் தத்தம் கழகங்களில் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்து பெயர் பெற்றவர்கள் என்பதே அதற்குக் காரணம். அந்தச் சிக்கல் எவ்வாறு தீர்க்கப்பட்டது, அதற்கு யார் யார் என்ன விட்டுக்கொடுத்தனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பத்தாம் எண் என்பதன் பொருள்

கால்பந்தில் 10 என்ற சட்டை எண், நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடையே நின்று தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரரைக் குறிக்கும் சொல்லாக வழங்குகிறது. பந்து அவரிடம் வந்து, அவர் வழியாகவே முன்னேறும். பெலே அந்த எண்ணை அணிந்து ஆடியதால் அதற்குத் தனிமதிப்பு ஏற்பட்டது.

1970 பிரேசில் அணியை "ஐந்து பத்தாம் எண்களின் அணி" என்று குறிப்பிடுவது வழக்கம். ஐவரும் தம் கழகங்களில் 10 எண் சட்டையையே அணிந்தனர் என்று இதற்கு நேர்ப்பொருள் கொள்ள வேண்டியதில்லை. சான்றாக, டோஸ்டாவோ குருசெய்ரோ கழகத்தில் அணிந்தது 8 எண் சட்டை ஆகும். உலகக்கோப்பையில் ஜெயர்சின்ஹோ 7, ஜெர்சன் 8, டோஸ்டாவோ 9, பெலே 10, ரிவெலினோ 11 என எண்கள் அமைந்தன. எனவே இங்கு "பத்தாம் எண்" என்பது சட்டையை அன்று, ஆட்டத்தில் ஒருவர் வகிக்கும் பொறுப்பையே குறிக்கிறது. அந்தப் பொறுப்பு ஓர் அணியில் ஒருவருக்கு உரியது. பிரேசிலிலோ அதற்கு ஐவர் இருந்தனர்.

1966 தந்த பாடம்

1958, 1962 ஆகிய இரு உலகக்கோப்பைகளை வென்ற பிரேசில், 1966இல் இங்கிலாந்தில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. பல்கேரியாவை 2–0 என வென்ற பின், அங்கேரியிடமும் போர்ச்சுகலிடமும் 1–3 என்ற கணக்கில் தோற்றது. அப்போது திறமைக்குப் பஞ்சம் இல்லை. ஆயத்தப் பயிற்சிக்கு 40க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அழைக்கப்பட்டனர். மூன்றே ஆட்டங்களில் 20 பேர் களமிறக்கப்பட்டனர். நிலையான பதினொருவர் என்று ஓர் அணி உருவாகவே இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இருப்பதும் நல்ல அணி இருப்பதும் ஒன்றல்ல என்பதை அத்தோல்வி உணர்த்தியது.

சல்தான்யாவின் பங்கு

1969 பிப்ரவரியில் பத்திரிகையாளர் ஜோவோ சல்தான்யா தேசிய அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். பொறுப்பேற்ற உடனேயே தம் அணியின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டு, யார் ஆடுவார் என்ற ஐயத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அவர் கையாண்டது 4-2-4 அமைப்பு ஆகும். அதாவது நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்கள், இரண்டு நடுக்கள ஆட்டக்காரர்கள், நான்கு முன்கள ஆட்டக்காரர்கள். நடுக்களத்தில் பியாசாவும் ஜெர்சனும், முன்களத்தில் ஜெயர்சின்ஹோ, டோஸ்டாவோ, பெலே, எடு ஆகியோரும் ஆடினர்.

1969 ஆகஸ்டில் நடந்த தகுதிச்சுற்றில் கொலம்பியா, வெனிசுவேலா, பராகுவே ஆகிய அணிகளுக்கு எதிரான ஆறு ஆட்டங்களிலும் பிரேசில் வென்றது. 23 கோல்கள் அடித்து 2 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்தது. டோஸ்டாவோ 10 கோல்களும் பெலே 6 கோல்களும் அடித்தனர். பெலேயும் டோஸ்டாவோவும் சேர்ந்து ஆட முடியாது என்ற கருத்துக்கு இதுவே முதல் மறுப்பாக அமைந்தது. ஐவரில் நால்வரை ஒரே அணியில் பொருத்திய பெருமை சல்தான்யாவுக்கு உரியது என்பதை மறந்துவிடக் கூடாது.

1970 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டார். அர்ஜென்டினாவிடம் நட்பு ஆட்டத்தில் ஏற்பட்ட தோல்வி, பெலேயைப் பற்றி எழுந்த சர்ச்சை, இராணுவ ஆட்சிக் காலத்தில் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவராக அவர் இருந்தது எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. குடியரசுத் தலைவர் மெடிசி விரும்பிய டாரியோ என்ற முன்கள ஆட்டக்காரரைச் சேர்க்க அவர் இணங்காததும் அவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அடுத்து வந்த பயிற்சியாளர் டாரியோவை 22 பேர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ஆனால் உலகக்கோப்பையில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

சகாலோவின் தீர்வு

அடுத்த பயிற்சியாளர் மரியோ சகாலோ. அப்போது அவருக்கு வயது 38. 1958, 1962 ஆகிய இரு உலகக்கோப்பைகளையும் வென்ற அணிகளில் அவர் இடப்பக்க விங்கராக ஆடியவர். அக்கால விங்கர்கள் எல்லைக்கோட்டை ஒட்டி நின்று பந்துக்காகக் காத்திருப்பார்கள். சகாலோ அவ்வாறு நிற்காமல், பந்து எதிரணியிடம் சென்றவுடன் பின்வாங்கி நடுக்களத்துக்கு உதவினார். இதனால் 4-2-4 அமைப்பு தேவைப்படும்போது 4-3-3 ஆக மாறியது. தாம் ஆட்டக்காரராக இருந்தபோது செய்த அந்த வேலையே, பயிற்சியாளரான பின் அவருக்கு வழிகாட்டியது.

தொடக்கத்தில் சகாலோவுக்கும் ஐயங்கள் இருந்தன. டோஸ்டாவோவைப் பெலேயின் மாற்று ஆட்டக்காரராகவே அவர் முதலில் கருதினார். மேலும் 1969இல் பந்து தாக்கியதால் டோஸ்டாவோவின் இடக்கண்ணில் விழித்திரை விலகி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டிருந்தது. ஜெர்சன், ரிவெலினோ, டோஸ்டாவோ மூவரும் இடக்கால் ஆட்டக்காரர்கள் என்பதும் ஒரு தடையாகக் கருதப்பட்டது. இறுதியில் யாரையும் விலக்காமல், ஒவ்வொருவருடைய வேலையையும் மாற்றியமைப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஜெர்சன் நடுக்களத்தில் சற்றுப் பின்னே நின்று, நீண்ட பந்துகளால் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை ஏற்றார். ரிவெலினோ பெயரளவில் இடப்பக்க விங்கர். செயலில், சகாலோவைப் போலவே உள்ளே வந்து மூன்றாவது நடுக்கள ஆட்டக்காரராகப் பணியாற்றினார். போட்டாபோகோ கழகத்தில் களத்தின் நடுப்பகுதியில் ஆடிவந்த ஜெயர்சின்ஹோ, வலப்பக்கத்திலிருந்து கோல் நோக்கி உள்ளே ஓடும் வேலையைப் பெற்றார். டோஸ்டாவோ நடு முன்களத்தில் நின்றாலும் கோல் அடிப்பதை முதல் வேலையாகக் கொள்ளவில்லை. எதிரணியின் தற்காப்பாளர்களைத் தம்மோடு இழுத்துச் சென்று, பெலேக்கும் ஜெயர்சின்ஹோவுக்கும் இடம் ஏற்படுத்தித் தந்தார். பெலே மட்டுமே தமக்குப் பழகிய இடத்தில் ஆடினார்.

இந்த ஐவரைத் தாங்க மற்றவர்களும் இடம் மாற வேண்டியிருந்தது. 20 வயதான குளோடோவால்டோ நடுக்களத்தில் தற்காப்புப் பணியை ஏற்றார். அதனால் நடுக்கள ஆட்டக்காரரான பியாசா பின்களத்துக்குச் சென்று, பிரிட்டோவுடன் மையத் தற்காப்பாளராக ஆடினார். ஜெயர்சின்ஹோ உள்ளே ஓடும்போது வெறுமையாகும் வலப்பக்கத்தில் அணித்தலைவர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ முன்னேறினார். அதற்கு ஈடாக இடப்பக்கத் தற்காப்பாளர் எவரால்டோ பெரும்பாலும் பின்னே நின்றுகொண்டார்.

இடம் இழந்தவர்கள்

ஒருவருக்கு இடம் கிடைத்தால் மற்றொருவர் வெளியே நிற்க வேண்டும். தகுதிச்சுற்றில் இடப்பக்க விங்கராக ஆடிய எடு, ரிவெலினோவின் வருகையால் மாற்று ஆட்டக்காரரானார். குருசெய்ரோவில் டோஸ்டாவோவின் இணையாக விளங்கிய டிர்சேவ் லோபஸ் 22 பேர் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. பல்மேராஸ் கழகத்தின் நடுக்களத்தை ஆண்ட அடெமிர் ட கியாவுக்கும் இடம் கிடைக்கவில்லை. வேறு எந்த நாட்டிலும் இவர்கள் தேசிய அணியில் எளிதாக ஆடியிருப்பார்கள்.

பாவுலோ சீசரின் நிலை சற்று வேறுபட்டது. முதல் பதினொருவரில் நிலையான இடம் இல்லாவிட்டாலும், ஆறு ஆட்டங்களில் நான்கில் அவர் களமிறங்கினார். உலகக்கோப்பை இறுதிச்சுற்றில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் முறை முதன்முதலாக 1970இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆட்டத்தின் தொடக்கத்தில் இடம் கிடைக்காதவருக்கு அந்நாளில் வேறு வாய்ப்பு இல்லை.

மெக்சிக்கோவில்

ஐவரும் தொடக்கத்திலிருந்து சேர்ந்து ஆடியது ஆறு ஆட்டங்களில் நான்கில் மட்டுமே. செக்கோசிலோவாக்கியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் காயமடைந்த ஜெர்சன், இங்கிலாந்து, ருமேனியா ஆகிய அணிகளுடனான ஆட்டங்களில் ஆடவில்லை. ருமேனியாவுக்கு எதிராக ரிவெலினோவும் இல்லை. அப்போது பியாசா மீண்டும் நடுக்களத்துக்கு வந்தார். பொன்டானா பின்களத்தில் ஆடினார். வேலைகள் தெளிவாக வகுக்கப்பட்டிருந்ததால் ஆள் மாறியபோதும் அமைப்பு குலையவில்லை.

உருகுவேக்கு எதிரான அரையிறுதியில் மற்றொரு சோதனை வந்தது. எதிரணி ஜெர்சனை விடாமல் பின்தொடர்ந்து, அவர் பந்து பெறுவதைத் தடுத்தது. பிரேசில் 0–1 எனப் பின்தங்கியது. ஜெர்சன் பயிற்சியாளரின் கட்டளைக்காகக் காத்திராமல், தாம் பின்னே நின்றுகொண்டு குளோடோவால்டோவை முன்னே செல்லச் செய்தார். முதல் பாதி முடியும் நேரத்தில் டோஸ்டாவோ அளித்த பந்தைக் குளோடோவால்டோ கோலாக்கினார். பிரேசில் 3–1 என வென்றது. ஆட்டத்தை வழிநடத்தும் பெரிய ஆட்டக்காரர் ஒருவர், தம்மை மறைத்துக்கொண்டு இளையவருக்கு வழிவிட்டதால் கிடைத்த கோல் அது.

இத்தாலி கண்ட வேறு விடை

இறுதிப்போட்டியில் பிரேசிலை எதிர்கொண்ட இத்தாலிக்கும் இதே சிக்கல் இருந்தது. இன்டர் மிலான் கழகத்தின் மத்சோலா, ஏ.சி. மிலான் கழகத்தின் ரிவேரா ஆகிய இருவரும் ஒரே பொறுப்புக்கு உரியவர்கள். ரிவேரா 1969ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த கால்பந்து ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். இருவரும் ஒன்றாக ஆடினால் தற்காப்பு தளரும் என்று பயிற்சியாளர் வல்கரேஜி எண்ணினார். எனவே காலிறுதியிலும் அரையிறுதியிலும் முதல் பாதியில் மத்சோலா, இரண்டாம் பாதியில் ரிவேரா என்று மாற்றினார். இத்தாலியர் இதைத் தொடர் ஓட்டத்துக்கு ஒப்பிட்டனர். மேற்கு செருமனிக்கு எதிரான அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ரிவேராவே. இறுதிப்போட்டியிலோ, அணி தோல்வியின் விளிம்பில் நின்ற 84ஆவது நிமிடத்தில்தான் அவர் களமிறக்கப்பட்டார்.

1970 சூன் 21 அன்று மெக்சிக்கோ நகரின் அஸ்டெக்கா அரங்கில் பிரேசில் 4–1 என வென்றது. பெலே, ஜெர்சன், ஜெயர்சின்ஹோ, கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஆகியோர் கோல் அடித்தனர். 86ஆவது நிமிடத்தில் விழுந்த நான்காவது கோல் அணியின் அமைப்பை அப்படியே காட்டுகிறது. டோஸ்டாவோ தம் அணியின் தற்காப்புப் பகுதிவரை பின்வந்து பந்தை மீட்டார். குளோடோவால்டோ நான்கு இத்தாலியரை ஏமாற்றிப் பந்தை ரிவெலினோவிடம் தந்தார். அது இடப்பக்கத்துக்கு வந்திருந்த ஜெயர்சின்ஹோவிடம் சென்றது. அவரைப் பின்தொடர்ந்த இத்தாலியத் தற்காப்பாளர் பச்செட்டி தம் இடத்தை விட்டு விலகியதால் வலப்பக்கம் திறந்து கிடந்தது. பெலே அங்கே மெல்ல உருட்டிய பந்தை, ஓடிவந்த கார்லோஸ் ஆல்பர்ட்டோ கோலுக்குள் செலுத்தினார்.

மதிப்பீடு

பிரேசில் அடித்த 19 கோல்களில் 17 இந்த ஐவருடையவை: ஜெயர்சின்ஹோ 7, பெலே 4, ரிவெலினோ 3, டோஸ்டாவோ 2, ஜெர்சன் 1. ஜெயர்சின்ஹோ ஆறு ஆட்டங்களிலும் கோல் அடித்தார். அதே வேளையில், தகுதிச்சுற்றின் ஆறு ஆட்டங்களில் 10 கோல்கள் அடித்த டோஸ்டாவோ, உலகக்கோப்பையின் ஆறு ஆட்டங்களில் அடித்தவை இரண்டே. புதிய பொறுப்புக்காக அவர் கொடுத்த விலையை அந்த எண்களே கூறும். இங்கிலாந்துடனான ஆட்டம் தவிர மற்ற ஐந்திலும் பிரேசில் கோல் வாங்கியது என்பதையும் குறிப்பிட வேண்டும். இந்த அமைப்பு குறையற்றதன்று. வாங்குவதைவிட மிகுதியாக அடிக்க வல்லதாக இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1974 உலகக்கோப்பையில் சகாலோவே மீண்டும் பயிற்சியாளராக இருந்தார். பெலேயும் ஜெர்சனும் தேசிய அணியிலிருந்து விலகியிருந்தனர். டோஸ்டாவோ கண் பாதிப்பால் 1973இல் தம் 26ஆவது வயதில் ஓய்வுபெற்று, பின்னர் மருத்துவரானார். ரிவெலினோவுக்கு 10 எண் சட்டை கிடைத்தது. ஆனால் ஏழு ஆட்டங்களில் 6 கோல்களே அடித்து, பிரேசில் நான்காம் இடம் பெற்றது. 1970இல் வென்றது பயிற்சியாளரின் திட்டம் மட்டுமன்று என்பதற்கு இது சான்றாகும். தமக்குப் பழகிய இடத்தை விட்டுவிட்டு, அணிக்குத் தேவையான இடத்தில் நிற்க முன்வந்த ஆட்டக்காரர்கள் இருந்ததாலேயே அத்திட்டம் நிறைவேறியது.